சன்னலோரம், எந்தப் பக்கம்? – திருவனந்தபுரத்து விமானப் பயணிகளுக்கு ஒரு நிலவியல் பாடம்

பேருந்து நின்றதும் நிற்காததுமாகச் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில் நம்மவர்களை யாரும் வெல்ல முடியாது. இரயிலில் ஏறினாலும் அப்படித்தான். பெரியவர்களும் குழந்தைகளோடு போட்டி போடுவார்கள். ஆனால் விமானத்தில் ஏறும்போது மட்டும் நாம் ஏனோ அடங்கிப் போகிறோம். கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இறங்கும்போது விழிக்கிறோம். சன்னலோரம் கேட்டு வாங்குகிறவர்களும் "ஏதாவது ஒரு சன்னல்" என்றுதான் கேட்கிறார்கள். எந்தப் பக்கத்துச் சன்னல் என்று கேட்பவர்கள் மிகச் சிலர்.

நான் பல ஆண்டுகள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவன். சுவரில் தொங்கும் வரைபடத்தில் பிரம்பு நுனியால் காட்டிய மலையையும் ஆற்றையும் விமானச் சன்னல் வழியே நேரில் பார்க்க முடியும் என்று தெரிந்துகொண்ட நாள் முதல், இந்த "எந்தப் பக்கம்" என்ற கேள்வியை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டேன். சங்க அன்பர்கள் பலர் பயணத்துக்கு முன் என்னிடம் இதைக் கேட்பதுண்டு. எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான்கு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். இறக்கை எங்கே இருக்கிறது? விமானம் எந்தத் திசையில் ஏறும்? வெயில் எந்தப் பக்கம்? வழியில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எழுத்தும் எண்ணும்

இருக்கை எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்து வரும். விமானி பார்க்கும் திசையை நோக்கி நாம் உட்கார்ந்திருக்கும்போது, இடப்புறச் சன்னலோர இருக்கை 'ஏ'. நம் உள்நாட்டுப் பயணங்களில் பெரிதும் பயன்படும் ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகிய விமானங்களில் வரிசைக்கு ஆறு இருக்கைகள். அவற்றில் வலப்புறச் சன்னல் 'எஃப்'. அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்களில் வலப்புற எழுத்து வேறாக இருக்கும். 'ஏ' மட்டும் எங்கும் இடப்புறம்தான்.

எழுத்து பக்கத்தைச் சொல்கிறது. எண் இறக்கையைச் சொல்கிறது. மேற்சொன்ன இரு விமானங்களிலும் இறக்கை உடலின் அடிப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கிறது. நடு வரிசைகளில் அமர்ந்தால் கீழே தெரிய வேண்டிய நிலத்தை இறக்கையே மறைத்துவிடும். அவசர வழிக்கு அருகில் உள்ள வரிசைகளில் கால் நீட்ட இடம் கிடைக்கும், காட்சி கிடைக்காது. எனவே முதல் ஏழெட்டு வரிசைகளுக்குள் இடம் கேளுங்கள். அது இயலாவிட்டால் கடைசி ஏழெட்டு வரிசைகள். பின்புறத்தில் ஒரு சிறு குறை உண்டு. எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான காற்றின் ஊடே பார்க்கும்போது, கோடைத் தார்ச்சாலையில் கானல் நெளிவதுபோல் நிலமும் நெளியும்.

ஏ.டி.ஆர். போன்ற சுழல்விசிறி விமானங்களில் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வைக்குத் தடை குறைவு. தாழ்வாகவும் மெதுவாகவும் பறப்பவை என்பதால் காட்சிப் பிரியர்களுக்கு அவை ஏற்றவை.

இன்னொரு எச்சரிக்கை. சன்னலோர இருக்கை என்று பெயர் இருக்கும். அருகில் சன்னல் இராது. போயிங் 737 வகையில், இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு வரிசையில் இப்படி வெறும் சுவர் இருப்பதுண்டு. குளிர்காற்றைக் கீழிருந்து கூரைக்குக் கொண்டு செல்லும் குழாய் அந்த இடத்தில் செல்வதே காரணம். இக்காலத்தில் இருக்கையை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப் பல நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. காசு கொடுத்துச் சுவரைப் பார்க்க வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கடலை ஒட்டிய ஓடுபாதை

நம் ஊர் விமான நிலையம் 1932இல் கோட வர்ம ராஜாவின் முயற்சியால் பறக்கும் கழகத்தின் திடலாகத் தொடங்கியது. 1935இல் டாட்டா நிறுவனத்தின் சிறு விமானம் அஞ்சலோடு வந்து இறங்கியது. 1991இல் பன்னாட்டு நிலையமாயிற்று. ஆனால் அந்த நிலத்துக்கு அதைவிடப் பழைய உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். ஆண்டுக்கு இருமுறை, பங்குனி உற்சவத்திலும் ஐப்பசி உற்சவத்திலும், பத்மநாப சுவாமி ஆறாட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்தே செல்கிறது. அந்த மாலைகளில் சில மணி நேரம் விமானங்கள் காத்து நிற்கின்றன. விமானம் வருவதற்கு முன்பே சாமி போய்க்கொண்டிருந்த வழி அது.

இந்த ஓடுபாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுடையது. அதன் இரு முனைகளிலும் 14, 32 என்ற எண்கள் எழுதப்பட்டுள்ளன. இவை திசைகாட்டியின் பாகைகளைப் பத்தால் வகுத்து வரும் எண்கள். 14 என்றால் 140 பாகை, அதாவது தென்கிழக்கு. 32 என்றால் 320 பாகை, அதாவது வடமேற்கு. நம் கடற்கரையும் ஏறக்குறைய இதே சாய்வில்தான் செல்கிறது. ஆகவே ஓடுபாதையும் கரையும் இரு தண்டவாளங்கள்போல் அருகருகே கிடக்கின்றன.

விமானம் காற்றை எதிர்த்து ஏறும். காற்றை எதிர்த்தே இறங்கும். கடற்காற்று வடமேற்கிலிருந்து வீசும் வேளையில் வடமேற்கு முகமாக ஏறினால், இடப்புறம் சங்குமுகமும் கடலும். வலப்புறம் நகரமும் பத்மநாப சுவாமி கோயில் கோபுரமும். முன்னே வேளிக் காயலும், அதற்கப்பால் 1963 நவம்பர் 21இல் இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பாக் கரையும். தென்கிழக்கு முகமாக ஏறினால் எல்லாம் இடம் வலமாக மாறும்.

இறங்கும்போதும் வடமேற்கு முகமாகவே வந்தால், கடைசி சில நிமிடங்கள் இடப்புறச் சன்னலுக்கே உரியவை. நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், சிவப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டிய கலங்கரை விளக்கம், கோவளத்தின் வளைந்த கரைகள் என்று வரிசையாக வரும். பேருந்தில் போனால் வெகுநேரம் பிடிக்கும் கரை சில நிமிடங்களில் கடந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு இருப்பவர்களுக்கு வருவது தடம் தொடும் அதிர்ச்சி மட்டுமே.

விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாயும் அல்லவா? வலப்புறம் திரும்பினால் வல இறக்கை தாழும். வலப்புறத்தாருக்கு நிலம் தெரியும், இடப்புறத்தாருக்கு வானம் தெரியும். நம் நிலையத்திலிருந்து வடமேற்காக ஏறிச் சென்னைக்குத் திரும்பும் விமானம் வலப்புறமாகவே திரும்ப வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

மலைக்கு வெயில் முதுகில், நீருக்கு வெயில் முகத்தில்

"வெயில் படாத பக்கம் உட்கார்" என்பது பேருந்துப் பயணத்தில் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை. விமானத்தில் இது பாதிதான் சரி.

மலை, காடு, ஊர் ஆகியவற்றைப் பார்க்கச் சூரியன் நமக்குப் பின்புறம், அதாவது எதிர்ப்பக்கச் சன்னலில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒளி நாம் பார்க்கும் பொருளின்மேல் நேராக விழுந்து நிறங்கள் தெளியும். சூரியன் இருக்கும் பக்கமே பார்த்தால், காற்றிலுள்ள தூசும் ஈரமும் ஒளிர்ந்து, மலைகள் சாம்பல் நிறத்தில் நிழல்களாக மட்டும் தெரியும்.

நீருக்கு இது தலைகீழ். ஆறும் குளமும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்புபவை. சூரியன் நம் சன்னல் பக்கமாகத் தாழ்வாக இருந்தால், கீழே உள்ள ஒவ்வொரு நீர்ப்பரப்பும் தன் முறை வந்தபோது பளிச்சென்று மின்னி அணையும். பச்சை வயலா, நீர் நிறைந்த குளமா என்று சாதாரணமாகப் பிரித்தறிய முடியாத உயரத்திலும் இந்த மின்னல் காட்டிக் கொடுத்துவிடும். சூரியன் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு தொலைவிலுள்ள நீர் மின்னும். எனவே விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள்ளும், மாலை மறைவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்திலும் பறப்பவர்கள் நீர் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள்.

இந்த ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டே பாதித் தேர்வைச் செய்துவிடலாம். இனி, வழியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சென்னைக்குப் போகும்போது 'எஃப்', வரும்போது 'ஏ'

திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். நீளம் ஏறத்தாழ 610 கிலோமீட்டர். திருவனந்தபுரம் மெயில் கோட்டயம், எறணாகுளம், பாலக்காடு, சேலம் என்று சுற்றி 900 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. வானத்துக் கோடோ வடகிழக்காக ஏறி, பொன்முடியையும் தென்காசி, குற்றாலம் வட்டாரத்தையும் கடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமாக மதுரைக்கும் திருச்சிக்கும் அருகில் செல்கிறது. வானிலையும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் உத்தரவும் இதைச் சற்று இப்படி அப்படி நகர்த்தும். ஆயினும் பெரும்போக்கு இதுவே.

இந்தக் கோட்டின் வலப்புறம் என்ன? ஏறியவுடன் நகரம். அடுத்துக் கரமனையாற்றின் பேப்பாறை அணையும் நெய்யாறு அணையும். அவற்றுக்குப் பின்னால் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை. பொதிகை என்று நாம் படித்த மலைத்தொடரின் உச்சி. கோட்டிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில், சன்னலுக்குச் சற்றே கீழே தெரியும். அதைத் தாண்டியதும் பாபநாசம், தாமிரபரணி, நெல்லைச் சீமையின் குளங்கள்.

இங்கேதான் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டிய பாடம் இருக்கிறது. அகத்தியர் மலைத்தொடரின் மேற்குச் சரிவில் விழும் மழை கரமனையாறாகவும் நெய்யாறாகவும் இறங்குகிறது. கரமனையாற்றை அருவிக்கரையில் தேக்கித்தான் திருவனந்தபுரம் நகரத்துக்குக் குடிநீர் வருகிறது. அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் விழும் மழை தாமிரபரணியாகி அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக மன்னார் வளைகுடாவில் சேருகிறது. நாம் இங்கே குழாயில் பிடிக்கும் நீரும், நம் உறவினர் அங்கே படித்துறையில் இறங்கிக் குளிக்கும் நீரும் ஒரே முகட்டின் இரு பக்கம். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் தமிழ்நாட்டோடு இணைந்தபோது, அந்த முகட்டின் பெரும்பகுதி மாநில எல்லையாயிற்று. வரைபடத்தில் அது அழுத்தமான கோடு. சன்னலில் பார்த்தால் கோடு இல்லை; காடுதான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், எங்கள் தெருவில் குடியிருந்த ஆச்சி ஒருவரைச் சென்னையில் அவர் மகன் வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பதினேழு வயதில் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். எண்பது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் பேருந்தும் இரயிலும் முடியாது. சொந்த ஊரைப் பார்த்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. இனிப் பார்க்கப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. காலை விமானம். ஐந்தாம் வரிசை 'எஃப்' இருக்கையில் அவரை உட்கார வைத்தேன்.

மலை அன்று வெறும் நிழலாகத்தான் தெரிந்தது. காலை வெயில் அந்தப் பக்கமே இருந்ததால் வேறு வழியில்லை. ஆனால் முகட்டைத் தாண்டியதும் கீழே குளங்கள் மின்னத் தொடங்கின. ஒன்று அணைய அடுத்தது, அது அணைய அதற்கடுத்தது என்று, யாரோ விளக்கு ஏற்றிக்கொண்டே போவதுபோல. நடுவே ஆறு வளைந்து வளைந்து ஒளிர்ந்தது. "அதுதான் தாமிரபரணி, ஆச்சி. அந்த வளைவுக்குப் பக்கத்தில் உங்கள் ஊர்" என்று காட்டினேன். சன்னலில் நெற்றியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "குளத்துல எல்லாம் தண்ணி கெடக்கு" என்றார் முதலில். விவசாயக் குடும்பத்துப் பெண்ணுக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். பிறகு என் பக்கம் திரும்பி, "இம்புட்டுப் பக்கத்துலயா தம்பி நான் இருந்தேன்?" என்று கேட்டார்.

ஆம், அவ்வளவு பக்கம்தான். சாலைத் தெருவிலிருந்து அம்பாசமுத்திரம் பறவைக்கு அறுபது கிலோமீட்டர். செங்கோட்டை வழியாகவோ நாகர்கோவில் வழியாகவோ சாலையில் சுற்றிப் போனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நடுவில் மலை நிற்பதால் ஒரு வாழ்நாள் முழுவதும் அது தொலைவூராக இருந்திருக்கிறது. பத்து நிமிடம் சன்னல் அதைப் பக்கத்து ஊராக்கிவிட்டது. இடப்புறத்தில் அமர்ந்திருந்தால் இது கிடைத்திராது. எந்தப் பக்கம் என்ற கேள்வியை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாததன் காரணம் இதுவே.

ஆகவே என் பரிந்துரை இது. சென்னைக்குப் போகும்போது 'எஃப்'. காலையானால் குளமும் ஆறும். பிற்பகலானால் வெயில் எதிர்ப்பக்கம் இருப்பதால் அகத்தியர் மலையின் பசுமை முழுவதும். திரும்பி வரும்போது திசை தலைகீழாவதால் 'ஏ'. அதே மலை, அதே ஆறு. கூடவே இறங்கும் நேரத்தில் விழிஞ்ஞம், கோவளம் கரைகள். மாலை விமானமானால் கடலில் பொன் வெயில். காலை வேளையில் சென்னைக்குப் போகிறவர்கள் கண் கூசாமல் மலை மட்டும் பார்க்க விரும்பினால் 'ஏ' பக்கம் உட்காரலாம். வடக்கே செல்லும் மலைத்தொடரின்மேல் காலை வெயில் நேராக விழும்.

மற்ற வழிகள்

பெங்களூருக்குப் போகும் கோடு ஏறக்குறைய நேர் வடக்கு. மலைத்தொடரின் முதுகின் மீதே பயணம் என்று சொல்லலாம். வலப்புறம் தேக்கடியின் கிளை விரித்த ஏரி தெரியும். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. நீரில் நிற்கும் மலைகள் தீவுகளாகத் தெரிவதால் மேலிருந்து எளிதில் அடையாளம் காணலாம். அடுத்து அந்த நீரால் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு, பிறகு பழனி மலை. இடப்புறம் 2,695 மீட்டர் ஆனைமுடி, அதன்பின் மலைத்தொடர் திடீரென்று அறுந்து சமவெளியாகும் பாலக்காட்டுக் கணவாய், தொலைவில் நீலகிரி. காலை வேளையில் இடப்புறமும் பிற்பகலில் வலப்புறமும் மலை பார்க்கச் சிறந்தவை.

மும்பைக்குச் செல்லும் கோடு கேரளக் கடற்கரையை விட்டு அதிகம் விலகாது. இடப்புறம் கரையும் காயல்களும், குறிப்பாகக் கொல்லத்துக்கு அருகே பல கைகளாகப் பிரியும் அஷ்டமுடிக் காயல். வலப்புறம் மலைத்தொடர். வளைகுடா நாடுகளுக்குச் செல்பவர்களுக்கு இடப்புறம் கடல்தான்; கரை வேண்டுமென்றால் வலப்புறம் கேளுங்கள். அந்த விமானங்களில் பல இரவில் கிளம்புபவை. அதனால் என்ன? கரை நெடுகிலும் விளக்கு வரிசையும், இருளில் தனித்தனிப் புள்ளிகளாக மீன்பிடிப் படகுகளும் தெரியும். ஊரை விட்டுப் போகிறவர்கள் கடைசியாக எதைப் பார்த்துக்கொண்டு போக விரும்புவார்களோ, அது வலப்புறத்தில் இருக்கிறது.

கொழும்புக்குச் செல்லும் கோடு கிழக்கு, தென்கிழக்காகக் குமரி மாவட்டத்தின் மேலே செல்கிறது. இடப்புறம் மகேந்திரகிரியும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும். வலப்புறம் கன்னியாகுமரி. நிலம் கூராகி முடிவதை அங்கே ஒரே பார்வையில் பார்க்கலாம். 133 அடி உயர வள்ளுவர் சிலை கடுகளவாகத் தெரிந்தாலே பெரிது. ஆனால் கடலின் நிறம் மாறும் இடங்களும் கரை திரும்பும் முனையும் நன்றாகத் தெரியும்.

பருவமும் பார்வையும்

பத்து கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தொலைவு? மீட்டரில் உயரத்தை எழுதி, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 10,000இன் வர்க்கமூலம் 100. ஆகவே 357 கிலோமீட்டர். இந்தக் கணக்குப்படி மதுரைக்கு மேலே பறப்பவருக்கு ஒரு பக்கம் பாக் நீரிணையும் மறுபக்கம் அரபிக் கடலும் தெரிய வேண்டும். தெரிவதில்லை. காற்றிலுள்ள ஈரமும் தூசும் குறுக்கே நிற்கின்றன. எனவே நாள் பார்த்துப் பயணம் செய்ய முடிந்தவர்கள் பருவத்தையும் பார்க்கட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஏறிய சில நிமிடங்களில் மேகத்துக்குள் போய்விடுவோம். ஆனால் மலையைத் தாண்டியதும் மேகம் கிழிந்து, கீழே நெல்லையின் சிவந்த நிலம் வெயிலில் கிடப்பதைக் காணலாம். மழை மறைவு நிலம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவம். அப்போது தமிழகப் பக்கமும் மேகம் மூடியிருக்கும். மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, பயிர் பச்சையாக நிற்கும். எனக்குப் பிடித்த காலம் அதுவே.

கீழே முழுவதும் மேகம் என்றால் மனம் தளர வேண்டாம். வெயிலுக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் மேகத்தின்மேல் விழும் விமானத்தின் நிழலைத் தேடுங்கள். பல நேரம் அந்த நிழலைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு சிறு வளையம் இருக்கும். மேகத்தின் நுண்துளிகள் சூரிய ஒளியைத் திரும்பவும் சூரியன் இருக்கும் திசைக்கே சிதறுவதால் உண்டாவது அது.

சன்னலைப் பற்றியும் ஒரு சொல்

குழந்தைகள் இரண்டு கேள்விகள் கட்டாயம் கேட்பார்கள். சன்னல் ஏன் இவ்வளவு சிறியது, ஏன் மூலைகள் வளைந்திருக்கின்றன? மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. உள்ளே அழுத்தம் அதிகம். விமானத்தின் உடல் ஊதிய பலூன்போல் விறைத்து நிற்கிறது. கூர்மையான மூலை இருந்தால் விசை அங்கே குவிந்து உலோகம் விரியும். 1954இல் காமெட் என்ற பிரித்தானிய ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறிய பின் நடந்த ஆய்வில், உடலிலுள்ள திறப்புகளின் மூலைகளில் விசை குவிவது தெளிவாகத் தெரியவந்தது.

இரண்டாவது கேள்வி, சன்னலின் அடிப்பகுதியில் இருக்கும் ஊசித் துளையைப் பற்றியது. பயப்பட வேண்டாம். சன்னல் மூன்று அடுக்கு. வெளி அடுக்கே அழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கிலுள்ள துளை, அடுக்குகளுக்கு இடையே அழுத்தத்தைச் சமன்செய்து, கண்ணாடியில் பனி படியாமலும் காக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் சன்னல் மறைப்பைத் திறந்து வைக்கச் சொல்வதும் காரணத்தோடுதான். ஆபத்து நேர்ந்தால் வெளியே எந்தப் பக்கம் நெருப்பு, எந்தப் பக்கம் வழி என்று பார்க்க அது வேண்டும். காட்சிப் பிரியர்களுக்கும் அதே நேரம்தான் வேண்டும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

புறப்படும் முன் செய்ய வேண்டியது

பயணத்துக்கு முந்திய நாள் இரவு, பிள்ளைகளின் பள்ளி வரைபடத்தை மேசையில் விரியுங்கள். அளவுகோலை வைத்துப் புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் இடையே மெல்லிய கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் வலப்புறம் என்ன மலை, இடப்புறம் என்ன ஆறு என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சூரியன் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேளுங்கள். பிறகு எழுத்தை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இறக்கையைத் தவிர்க்கும் எண்ணை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பிறந்த ஊரையும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாக வைத்து, அது கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் தென்காசியும் கல்யாணப் பத்திரிகையில் வரும் பெயர்களாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அவை மலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. சரியான சன்னலில் உட்கார்ந்தால் போதும்.